நாணயமாற்று வீதம் தேடிப்போன ஒரு சிறு நிரல்

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பில் தமிழ்த் தினசரியொன்றின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகக் கற்று, கலைமாணிப் பட்டத்துடன் பத்திரிகைத்துறைக்குள் பிரவேசித்த எனக்கு அரசியல் கட்டுரைகள் எழுதும் வாய்ப்புக் கிடைக்கும் என்ற நினைப்பு இருந்தது. கிடைத்ததோ நாணயமாற்று வீத அட்டவணை. ஒவ்வொரு நாளும் பிற்பகலில் வங்கியொன்றிலிருந்து தொலைநகலில் ஒரு தாள் வரும். அதிலுள்ள மங்கிய இலக்கங்களைப் பார்த்து டொலர், பவுண், பிராங், மார்க் என்று வரிசையாக எழுதி, வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டாகப் பிரித்துக் கணினிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். எவரது பெயரும் இடம்பெறாத, எவரும் பாராட்டாத வேலை அது.

ஆனால், அந்த அட்டவணையை வாசித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கிக் கட்டிடம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகியிருந்தது. போர் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் அனுப்பும் பணத்தில் நாட்களைக் கடத்திய குடும்பங்களுக்கு எமது ஆசிரியத் தலையங்கத்தை விடவும் அந்தச் சிறு பெட்டி முக்கியமானதாக இருந்தது. ஒருநாள் பவுணின் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் நான் இடம் மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு முதியவர் பத்திரிகையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அவர் ஏசவில்லை. "தம்பி, இதைப் பார்த்துத்தானே நான் கணக்குப் போடுறனான்" என்று மட்டுமே சொன்னார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அதே காலப்பகுதியில் சுவீடன் நாட்டில் என் வயதையொத்த ஓர் இளைஞர் இதே நாணயமாற்று வீதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகே அறிந்துகொண்டேன். 1970ஆம் ஆண்டில் பிறந்த அவரின் பெயர் டானியல் ஸ்டென்பேர்க். அமிகா என்ற கணினியில் ஆர்வம் கொண்டவர்கள் கூடிப்பேசும் இணைய அரட்டை அறையொன்றில் கேட்ட கேள்விகளுக்குத் தானாகவே பதிலளிக்கும் ஒரு சிறிய நிரலை அவர் நடத்திவந்தார். ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டின் பணத்தில் எவ்வளவு பெறும் என்று யாராவது கேட்டால், அது கணக்கிட்டுச் சொல்லவேண்டும் என்று விரும்பினார். அதற்கு அன்றாட வீதங்கள் தேவை. வீதங்கள் இணையத்தில் இருந்தன. ஆனால், ஒவ்வொரு நாளும் மனிதர் ஒருவர் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதற்குப் பதிலாக இயந்திரமே போய் எடுத்துவர வேண்டும்.

கொழும்பில் அந்த இயந்திரத்தின் வேலையைச் செய்தவன் நான். அவர் அதற்கு ஒரு நிரலைத் தேடினார். பிரேசிலைச் சேர்ந்த ரஃபாயெல் சகுலா என்பவர் எழுதியிருந்த 'எச்ரிரிபிகெட்' என்ற மிகச் சிறிய நிரல் அவருக்குக் கிடைத்தது. அதன் முதற் பதிப்பு 1996 நவம்பரில் வெளியாகியிருந்தது. ஸ்டென்பேர்க் அதனைத் தனது தேவைக்கேற்பத் திருத்தினார். திருத்தங்களைச் சகுலாவுக்கு அனுப்பினார். சிறிது காலத்தில் அந்த நிரலைப் பராமரிக்கும் பொறுப்பே அவருடைய கைக்கு வந்தது. இன்று 'கேர்ல்' என்ற பெயரில் உலகம் முழுவதும் உள்ள கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் கார்களிலும் தொலைக்காட்சிகளிலும் இயங்கிக்கொண்டிருக்கும் கருவியின் பிறப்பு இதுதான்.

விலைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது செய்தித்துறையின் மிகப் பழைய தொழில் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். போல் ஜூலியஸ் ரொய்ட்டர் 1850இல் ஜேர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசல்ஸுக்கும் இடையில் தந்திக் கம்பி இல்லாதிருந்த தூரத்தைப் புறாக்களைக் கொண்டு இணைத்தார். அந்தப் புறாக்கள் சுமந்து சென்றவை பங்குச் சந்தை விலைகள். இலங்கையிலும் 1850களில் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்துசேரும் வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுவருவதற்கு 'ஒப்சேர்வர்' பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. காலிக்கும் கொழும்புக்கும் இடையில் தந்தி வந்ததும் புறாக்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தூதுவர்கள் மாறினார்கள். தூதுவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாத வழக்கம் மட்டும் மாறவில்லை.

கேர்ல் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இணைய முகவரி என்பது என்னவென்று ஒரு கணம் சிந்திக்க வேண்டும். கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்புவதற்கான ஒழுங்குமுறைகள் இணைய வலைக்கு நெடுங்காலம் முந்தியவை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதற் தொகுதி மாணவர்களில் ஒருவரான அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எழுதிய ஆவணமே எஃப்.ரி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற முறைக்கு அடிப்படை. 1991இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 'கோபர்' என்ற முறை உருவானது. அதே காலகட்டத்தில் டிம் பேர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகளாவிய வலை எச்.ரி.ரி.பி. என்ற தனக்கேயுரிய முறையுடன் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு சடங்குகள். அஞ்சல், தந்தி, புகையிரதப் பொதி என்று ஒரே ஊருக்கு மூன்று வழிகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு படிவம் நிரப்ப வேண்டியிருந்த நிலைமைக்கு இதனை ஒப்பிடலாம்.

1994 டிசம்பரில் வெளியான ஓர் ஆவணம் இவை யாவற்றையும் ஒரே வரியில் எழுதும் முறையை வகுத்துத் தந்தது. முதலில் எந்த வழியால் போவது, அடுத்து எந்த வீடு, பிறகு அந்த வீட்டில் எந்த அறை, எந்தப் பெட்டி. இதுவே யூ.ஆர்.எல். எனப்படும் இணைய முகவரி. அதன் தொடக்கத்தில் வரும் இரண்டு சாய்கோடுகளும் உண்மையில் தேவையற்றவை என்று பேர்னர்ஸ் லீ 2009இல் ஒப்புக்கொண்டார். தேவையில்லாத அந்த இரு கோடுகளையும் உலகம் எத்தனை கோடி முறை எழுதியிருக்கும்!

ஸ்டென்பேர்க்கின் நிரல் வளர்ந்த கதையும் இந்த வழிகளின் கதைதான். நாணயமாற்று வீதங்கள் கோபர் முறையில் இயங்கிய ஒரு தளத்தில் இருப்பதைக் கண்டதும் கோபரைச் சேர்த்தார். பின்னர் எஃப்.ரி.பி. சேர்ந்தது. எச்.ரி.ரி.பி.யை மட்டும் குறித்த பழைய பெயர் பொருந்தாமற்போகவே, 'யூஆர்எல்கெட்' என்று பெயரை மாற்றினார். எடுப்பதற்கு மாத்திரமன்றி அனுப்புவதற்கும் வசதி வந்தபோது, 'எடு' என்று பொருள்படும் அந்தப் பெயரும் பொருந்தவில்லை. 1998 மார்ச் 20ஆம் திகதி 'கேர்ல்' என்ற புதிய பெயரில் அது வெளியானது. அப்போது அது சுமார் 2,200 வரிகள் கொண்டதாக இருந்தது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். அந்தப் பெயரை 'முகவரியைப் பார்' என்று பொருள்படும் வகையில் ஆங்கிலத்தில் வாசிக்க முடியும். தமிழில் எழுதும்போது வேறு ஒரு சங்கடம்: சிறுமி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இந்தப் பெயரை முதன்முதலில் தொலைபேசியில் கேட்டபோது என் மருமகன் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்கிறான் என்றே நானும் நினைத்தேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2010ஆம் ஆண்டு அது. நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்று தனது பழைய இணையத்தளத்தை மூடிவிடப் போவதாக அறிந்தேன். 2001இலிருந்து 2008வரையான நாளாந்தப் பக்கங்கள் அதில் இருந்தன. எனது கட்டுரைகளும் இருந்தன. ஆனால், கவலை அதுபற்றியதல்ல. யுத்தநிறுத்தக் காலத்துச் செய்திகள், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பிரதேச நிருபர்கள் அனுப்பிய பட்டியல்கள், மரண அறிவித்தல்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்த நிருபர்களில் சிலர் அப்போது உயிருடன் இல்லை. அச்சுப் பிரதிகளின் கட்டுகளிலும் பல மாதங்கள் காணாமற்போயிருந்தன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நினைவில் கொண்ட சமூகம் நாம். நெருப்பில்லாமலும் ஏடுகள் அழியும் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். நிர்வாகத்திடம் பேசிப் பார்த்தேன். சேமித்துவைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை என்றார்கள். மாத முடிவுவரை இரண்டு கிழமைகள் இருந்தன.

ரொறன்ரோவில் கணினித்துறையில் பணியாற்றும் என் தமக்கையின் மகனை அழைத்தேன். "மாமா, அந்தக் கறுப்புத் திரையைத் திறவுங்கோ" என்றான். அக்காலத்தில் வின்டோஸ் கணினிகளுடன் கேர்ல் சேர்ந்து வருவதில்லை. அவன் சொன்ன இடத்திலிருந்து அதனை இறக்கிவைத்தேன். பத்திரிகையின் ஒருநாள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து விசையை அழுத்தியதும் திரை முழுவதும் எழுத்துகள் கொட்டின. படமில்லை, நிறமில்லை, பத்தியில்லை. கண்ட கண்ட ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மாத்திரமே. ஏதோ பழுதாகிவிட்டது என்று பதறினேன். பழுது ஒன்றுமில்லை. எமது பத்திரிகைகள் அப்போது யுனிகோட்டில் அல்ல, பாமினி வகை எழுத்துருக்களில் தமிழை ஏற்றின. அந்த எழுத்துரு இல்லாமல் பார்த்தால் தமிழ் அப்படித்தான் தெரியும். கேர்ல் வந்ததை வந்தபடியே கொண்டுவந்து கொட்டுகிறது. எதையும் அழகுபடுத்துவதில்லை, எதையும் திருத்துவதுமில்லை. ஒரு செய்திக்காரன் என்ற முறையில் அந்தக் குணம் எனக்கு உடனேயே பிடித்துப்போயிற்று.

வேறு கருவிகள் இல்லாமல் இல்லை. குரோஷியாவைச் சேர்ந்த ஹர்வொயே நிக்சிச் உருவாக்கி 1996இல் வெளிவந்த 'டபிள்யூகெட்' என்ற நிரல் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து தளம் முழுவதையும் தானாகவே அள்ளிவரக்கூடியது. ஆனால், எமது தளத்தின் முகப்புப் பக்கம் ஏற்கெனவே சிதைந்துவிட்டது. பின்தொடர்வதற்கு இணைப்புகள் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: முகவரிகளின் ஒழுங்கு. ஆண்டு, மாதம், திகதி என்ற வரிசையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முகவரி. கேர்லில் முகவரியின் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் 01இலிருந்து 31வரை என்று எழுதிவிட்டால், அது முப்பத்தொரு முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தானே போய்த் தட்டும். மாதத்துக்கும் ஆண்டுக்கும் அவ்வாறே எழுதலாம். ஒரே ஒரு வரிக் கட்டளையில் எட்டு ஆண்டுகள்.

அந்த வரியை எழுதி, கோப்புகளை அவற்றின் சொந்தப் பெயரிலேயே சேமிக்கும்படி சொல்லிவிட்டு உறங்கப்போனேன். காலையில் எழுந்து பார்த்தபோது என் கணினியில் இருந்தவை முப்பத்தொரு கோப்புகள் மட்டுமே. இரவு முழுவதும் அது உழைத்திருந்தது. ஆனால், ஒவ்வொரு மாதத்தின் 14ஆம் திகதியும் '14' என்ற ஒரே பெயரைக் கொண்டிருந்ததால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்து அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. மிஞ்சியது 2008 டிசம்பர் மாதம் மட்டுமே. மருமகன் சிரித்தான். "நீங்கள் சொன்னதைத்தான் அது செய்திருக்குது மாமா" என்றான். முகவரியின் எந்தப் பகுதி மாறுகிறதோ அதனையே கோப்பின் பெயரிலும் சேர்க்கும் வழியை மறுநாள் கற்றுத்தந்தான். சதுர அடைப்புக்குறிகளுக்கு வரிசை எண்கள் உண்டு. அந்த எண்களைப் பெயரில் எழுதினால் ஆண்டும் மாதமும் திகதியும் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும்.

இரண்டாவது சுற்றில் பெப்ரவரி 30ஆம் திகதிக்கும் ஒரு கோப்பு வந்திருந்தது! திறந்து பார்த்தால், 'அப்படியொரு பக்கம் இல்லை' என்ற அறிவிப்பு. இல்லை என்று சேவையகம் சொன்ன பதிலையும் ஒரு பதிலாகவே எடுத்துவந்து ஒப்படைத்திருந்தது. அதனையும் தடுக்கத் தனியொரு குறி இருக்கிறது. எமது இணைப்பு நள்ளிரவில் அறுந்துபோகும். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி சொல்வதற்கும் ஒரு குறி இருக்கிறது. பதினொரு இரவுகளின் முடிவில் சுமார் 2,700 கோப்புகள் சேர்ந்தன. பின்னர் அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றும் வேலைக்கு மாதக்கணக்கில் சென்றது வேறு கதை. மாத முடிவில் தளம் மறைந்தது. அந்த எட்டு ஆண்டுகள் இன்று என்னிடமும், வேறு இரண்டு இடங்களிலும் இருக்கின்றன.

இந்தக் கருவியை எழுதியவர் யார் என்று அப்போது நான் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்தது, பயன்படுத்தினேன், மறந்துவிட்டேன். கேர்லின் வரலாற்றைப் பின்னர் தேடி வாசித்தபோது, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களும் என்னைப் போலவே நடந்துகொண்டிருக்கின்றன என்பது தெரியவந்தது.

2000 ஓகஸ்டில் ஸ்டென்பேர்க் தனது நிரலின் உட்பகுதியைப் பிரித்தெடுத்து, பிற நிரல்களும் தமக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நூலகமாக வெளியிட்டார். 2001 ஜனவரியில் எம்.ஐ.ரி. வகையிலான மிகத் தாராளமான உரிமத்தின் கீழ் அதனைக் கொண்டுவந்தார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமை அறிவிப்பில் உள்ள பெயரை மட்டும் நீக்கக்கூடாது. இதற்குப் பிறகே அது எங்கும் பரவியது. 2001இல் அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளுடனும் 2018இல் மைக்ரோசொப்ட்டின் வின்டோஸ் 10 உடனும் அது சேர்ந்து வரத்தொடங்கியது. உலகில் 2,000 கோடிக்கும் அதிகமான இடங்களில் அது நிறுவப்பட்டிருப்பதாக ஸ்டென்பேர்க் மதிப்பிடுகிறார். 2021 ஏப்ரல் 19ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் 'இன்ஜெனுவிற்றி' என்ற சிறிய உலங்குவானூர்தி பறந்தபோது, அதன் பணித்திட்டத்தில் பயன்பட்ட திறந்த மூல மென்பொருட்களில் கேர்லும் ஒன்றாக இருந்தது.

இத்தனைக்கும் அவர் நீண்டகாலம் வேறொரு தொழில் செய்துகொண்டு, வீட்டில், ஓய்வு நேரங்களிலேயே இந்த வேலையைச் செய்தார். கேர்லையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளும் நிலைமை அவருக்கு 2019இல்தான் வாய்த்தது. நிரல் பிறந்து இருபது வருடங்கள் கடந்த பின்னர். திருத்தங்கள் அனுப்பியும் பிழைகள் சுட்டிக்காட்டியும் உதவியவர்களின் பெயர்கள் 3,000க்கும் அதிகம். அந்தப் பட்டியலை அவர் கவனமாகப் பேணிவருகிறார். ஆயினும் இறுதிப் பொறுப்பு ஒரு மனிதரின் தோளிலேயே இருந்துவந்திருக்கிறது.

பெயரை நீக்கக்கூடாது என்ற ஒரேயொரு நிபந்தனையே அவருக்கு விசித்திரமான தொல்லைகளைக் கொண்டுவந்தது. கார்களில் உள்ள திரைகளின் அடியாழத்தில், உரிம அறிவிப்புகளுக்கிடையே அவரது பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். வழிகாட்டும் கருவி வேலை செய்யவில்லை, பாட்டுக் கேட்கவில்லை என்று அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் சுவீடனுக்குக் கடிதம் எழுதினார்கள். வேறெந்த மனிதரின் பெயரும் அவர்களுடைய கண்ணில் படவில்லை! 2016இல் தனது இன்ஸ்டகிராம் கணக்கு களவாடப்பட்ட ஒரு பெண், செயலியின் அறிவிப்பில் அவரது பெயரைக் கண்டுவிட்டு அவரையே கள்வர் கூட்டத்தில் ஒருவராகக் குற்றஞ்சாட்டினார். 2021இல் கொலை மிரட்டல் விடுத்தும் ஒருவர் எழுதினார்.

2017ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் குறிப்பிடத்தக்கது. ஜூன் மாதத்தில் சன்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற தொழில்சார் கூட்டமொன்றுக்குப் புறப்பட்டு ஸ்டொக்ஹோம் விமான நிலையத்துக்குச் சென்றவருக்கு, அமெரிக்காவுக்கான பயண அனுமதி மறுக்கப்பட்டிருப்பதாகக் கூறப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. ஒக்டோபரில் அதே மனிதருக்கு, சுவீடனில் பொறியியல் சாதனைகளுக்காக வழங்கப்படும் மிகப் பழைமையான விருதான போல்ஹெம் பரிசின் தங்கப் பதக்கத்தை அந்நாட்டு மன்னர் வழங்கினார். 2018 ஏப்ரலில் விண்ணப்பித்த விசா 2020இன் பிற்பகுதியிலேயே கிடைத்தது. அவருடைய நிரல் அந்த நாட்டின் எத்தனையோ கணினிகளுக்குள் நாள்தோறும் விசாவின்றிப் போய்வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் காரணம் கூறாமல் திருப்பி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் 'லொக்4ஜே' என்ற வேறொரு மென்பொருளில் பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டு உலகமே அல்லோலகல்லோலப்பட்டது. கேர்லுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து ஸ்டென்பேர்க்குக்கு ஒரு கடிதம் வந்தது. அவரைத் தமக்குப் பொருட்கள் வழங்கும் ஒப்பந்தக்காரர் என்று கருதிக்கொண்டு, பாதுகாப்பு நடவடிக்கைகள் பற்றிய கேள்விகளை அடுக்கி 24 மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்குமாறு அவர்கள் கோரியிருந்தார்கள். அந்த நிறுவனம் அவருக்கு ஒரு சதமும் கொடுத்ததில்லை. முதலில் ஆதரவு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், பிறகு மகிழ்ச்சியுடன் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டுக் கடிதத்தை உலகத்தின் பார்வைக்கு வைத்தார்.

அவரை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போவது சரித்திரமாகாது. 2023 ஒக்டோபர் 11ஆம் திகதி கேர்லில் பாரதூரமான குறைபாடொன்று அறிவிக்கப்பட்டது. 2020இல் அவரே எழுதிய பகுதியில் இருந்த தவறு அது. மூன்றரை ஆண்டுகளாக எவரது கண்ணிலும் படவில்லை. அவர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. தவறு எங்கே நேர்ந்தது, அதனை எழுதும்போது தான் எதனைக் கவனிக்கத் தவறினேன் என்பதைப் படிப்படியாக விளக்கி எழுதினார். கோடிக்கணக்கான இயந்திரங்களில் இருக்கும் நிரலில் நேர்ந்த தவறைத் தன் பெயரில் ஒப்புக்கொள்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். எமது பத்திரிகைகள் 'திருத்தம்' என்று உட்பக்கத்தின் மூலையில் இரண்டு வரிகள் வெளியிடுவதற்கு எவ்வளவு தயங்கின என்பது எனக்குத் தெரியும். பவுணின் விலையை மாற்றி எழுதிய அன்று நானும் திருத்தம் வெளியிடவில்லை. மறுநாள் சரியான விலையைப் போட்டுவிட்டு மௌனமாக இருந்துவிட்டேன்.

குறைபாடுகளைக் கண்டுபிடித்துச் சொல்வோருக்குப் பணப்பரிசு வழங்கும் திட்டமொன்றை கேர்ல் 2019இல் ஆரம்பித்தது. பல உண்மையான தவறுகள் அதன்மூலம் வெளிவந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலான பின்னர், பரிசுப் பணத்தை நாடி, இல்லாத குறைபாடுகளை இருப்பதாகச் சோடித்து எழுதிய அறிக்கைகள் குவியத் தொடங்கின. பார்வைக்கு அவை மிகவும் ஒழுங்காக இருக்கும். வாசித்து, சோதித்து, பொய் என்று கண்டுபிடிப்பதற்குள் மணித்தியாலங்கள் போய்விடும். 2026 ஜனவரி மாத முடிவுடன் அந்தப் பரிசுத் திட்டம் நிறுத்தப்பட்டது. சிலர் கொடுத்த பொய்யான உழைப்பு, வேறு சிலரின் உண்மையான உழைப்பைத் தின்றுவிட்டது.

பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளர்கள் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மங்கிய விளக்கொளியில், எமது பந்தி பந்தியான பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருப்பார்கள். கட்டுரை பாராட்டப்பட்டால் பெயர் எமக்கு. பிழையொன்று தப்பிப்போனால் ஏச்சு அவர்களுக்கு. புதிதாகப் படைத்தவர்களையே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. படைத்ததை ஒவ்வொரு நாளும் பழுதுபார்த்து, துடைத்து, அடுத்த நாளுக்கும் இயங்கச் செய்பவர்கள் அதன் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. ஸ்டென்பேர்க் உலகத்தைப் புரட்டிப்போடும் எதையும் கண்டுபிடித்துவிட்டதாக உரிமை கோரியவர் அல்ல. பிறர் எழுதிய சிறு நிரலொன்றைக் கையேற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அதனைக் கைவிடாமல் இருந்தார். என்னைப் பொறுத்தவரை, கண்டுபிடிப்பை விடவும் அரிதானது அது. அதற்கு விலை கொடுக்காமல் வாழ்ந்துகொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னர் எனது கைத்தொலைபேசியில் சட்ட அறிவிப்புகள் என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். வாசகர்களும் பொறுமை இருந்தால் பார்க்கலாம். விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் சிறிய எழுத்துகளின் நடுவே அந்த வரி இருந்தது. டானியல் ஸ்டென்பேர்க் என்ற பெயரும், அதனுடன் இன்னும் பல பங்களிப்பாளர்கள் என்ற குறிப்பும். பதிப்புரிமை தொடங்கும் ஆண்டு 1996.

பிறகு அந்த 2,700 கோப்புகளில் ஒன்றைத் திறந்தேன். 2003ஆம் ஆண்டின் ஏதோ ஒரு நாள். முகப்புச் செய்திக்கு மேல் நிருபரின் பெயர் இருந்தது. கீழே, ஓர் ஓரத்தில், நாணயமாற்று வீத அட்டவணை. அப்போது நான் செய்தி ஆசிரியர். அந்த வேலை எனக்குப் பின்வந்த யாரோ ஓர் இளைஞனின் கைக்குப் போயிருந்தது. டொலர், பவுண், யூரோ என்று ஒவ்வோர் இலக்கமாக அவன் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பான். அவன் யார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.